ஆளைக் குறைத்தால் கூலி ஏறுமா?

வெளியாட்கள் வருவதை நிறுத்தினால் உள்ளூர்க்காரனுக்கு வேலை கிடைக்கும், கூலியும் ஏறும் என்ற வாதம் இன்று பல நாடுகளின் தேர்தல் மேடைகளில் ஒலிக்கிறது. கேட்டதும் நம்பத் தோன்றுகிற வாதம்தான். நூறு வேலைக்கு நூற்றைம்பது பேர் நின்றால் கூலி இறங்கும், ஐம்பது பேரை அனுப்பிவிட்டால் ஏறும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். "நாங்கள் முறைப்படி விசா வாங்கி, வரிசையில் நின்று வந்தோம். எல்லை தாண்டி வந்தவர்களை அனுப்பினால் நாட்டுக்கு நல்லதுதானே?" என்று கேட்கிறார்கள்.

இந்த வாதத்தை அடியோடு மறுக்கிறேன். அதற்கு மனிதாபிமானத்தைத் துணைக்கு அழைக்க எனக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனாலும் இங்கே அழைக்கப் போவதில்லை. கூலி ஏறும் என்று சொன்னவர்களிடம் கூலிக் கணக்கைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் மருந்து புதிதும் இல்லை. நாடுகளும் மாநிலங்களும் அதைப் பலமுறை குடித்துப் பார்த்துவிட்டன.

1942-ல், உலகப் போரால் பண்ணைகளில் ஆள் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கா மெக்சிகோவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மெக்சிகோ தொழிலாளர்களைப் பருவத்துக்கு வரவழைத்து, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புவது ஏற்பாடு. பிரசேரோ திட்டம் என்று அதற்குப் பெயர். போர் முடிந்தும் திட்டம் முடியவில்லை. 1950-களின் நடுவில் ஆண்டுக்கு நான்கு லட்சம் பேருக்கும் மேல் வந்து போனார்கள். அவர்களை நடத்திய விதம் மோசம். தங்குமிடத்திலும் சாப்பாட்டிலும் கூலிப் பிடித்தத்திலும் ஏமாற்று நடந்தது. இவர்கள் இருக்கும்வரை உள்ளூர் விவசாயத் தொழிலாளியின் கூலி ஏறாது என்று தொழிற்சங்கங்கள் வாதாடின. கென்னடி அரசும் அதை ஏற்றுக்கொண்டது. 1964 டிசம்பர் 31-ஆம் தேதியோடு திட்டம் மூடப்பட்டது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பருவத் தொழிலாளர்கள் அமெரிக்க வயல்களிலிருந்து ஒரேயடியாக நீக்கப்பட்டார்கள்.

ஆளைக் குறைத்தால் கூலி ஏறுமா என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை. மைக்கேல் கிளெமன்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் என்ற மூன்று ஆய்வாளர்கள் பழைய அரசுப் பதிவுகளைத் தோண்டியெடுத்து, மாநிலம் மாநிலமாகக் கூலியை ஒப்பிட்டு, 2018-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பிரசேரோக்களைப் பெரிதும் நம்பியிருந்த மாநிலங்கள், கொஞ்சம் நம்பியிருந்தவை, ஒருவரைக்கூட வைத்துக்கொள்ளாதவை என்று மூன்று வகை. திட்டம் மூடியபின் முதல் வகையில் கூலி மற்றவற்றைவிட வேகமாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. உள்ளூர் ஆட்களுக்கு வேலையும் கூடவில்லை.

காரணம் கலிஃபோர்னியாவின் தக்காளி வயல்களில் கிடைக்கிறது. டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா என்ற பயிர் ஆய்வாளர், இயந்திரத்தின் பிடியில் நசுங்காத, ஒரே சமயத்தில் பழுக்கிற தக்காளி வகையை உருவாக்கினார். அதை அறுக்கும் இயந்திரத்தைப் பொறியாளர் கோபி லோரன்சன் உருவாக்கினார். இரண்டும் திட்டம் மூடுவதற்கு முன்பே தயாராக இருந்தன. ஆள் கிடைத்தவரை பண்ணையாளர்கள் அந்த இயந்திரத்தை வாங்க அவசரப்படவில்லை. 1964-ல் ஆலைக்குப் போகும் தக்காளியில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இயந்திரத்தால் அறுக்கப்படவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய முழு அறுவடையும் அதன் கைக்குப் போய்விட்டது. இயந்திரம் இல்லாத பயிர்களில் வேறு கதை நடந்தது. அஸ்பாரகஸ், ஸ்ட்ராபெரி போன்றவற்றின் உற்பத்தியே சுருங்கியது. மெக்சிகோ தொழிலாளி விட்டுப்போன வேலை உள்ளூர்த் தொழிலாளிக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு பகுதி இயந்திரமாயிற்று, மறுபகுதி இல்லாமலே போயிற்று.

நூறு வேலைக்கு நூற்றைம்பது பேர் என்ற கணக்கின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. வேலைகளின் எண்ணிக்கை நூறிலேயே நிற்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. என்ன பயிரிடுவது, எவ்வளவு பயிரிடுவது, எந்த நாட்டிலிருந்து வாங்குவது, எந்த இயந்திரத்தில் பணம் போடுவது என்பதையெல்லாம் முதலாளி ஆள் நிலவரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். ஆள் போனால் கூலியை உயர்த்துவது அவருக்கு இருக்கும் பல வழிகளில் ஒன்று மட்டும். பெரும்பாலும் அது அவருடைய கடைசி வழி.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. பிரசேரோ திட்டம் மூடியதால்தானே 1965-ல் கலிஃபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் சாத்தியமாயிற்று, விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் சங்கம் வளர்ந்தது? வேலைநிறுத்தத்தை உடைக்க வெளியாட்களை இறக்குவது கடினமானது உண்மை. ஆனால் அந்தப் போராட்டம் தொடங்கிய விதத்தைப் பாருங்கள். திட்டம் முடிந்தபின்னும் விதிவிலக்காகக் கொஞ்சம் மெக்சிகோ தொழிலாளர்களை அனுமதித்த அரசு, அவர்களுக்கு மணிக்கு 1.40 டாலர் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. உள்ளூரில் இருந்த பிலிப்பினோ தொழிலாளர்களுக்கு அதைவிடக் குறைவு. எங்களுக்கும் அதே கூலி வேண்டும் என்று கோச்செல்லாவில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்தத் தீ டெலானோவுக்குப் பரவியது. வெளியாளுக்குச் சட்டம் நிர்ணயித்த கூலியே உள்ளூர்த் தொழிலாளியின் கோரிக்கையானது. தோட்ட முதலாளிகள் 1970-ல் கையெழுத்துப் போட்டது ஐந்தாண்டு வேலைநிறுத்தமும் நாடு தழுவிய திராட்சைப் புறக்கணிப்பும் அவர்களை மண்டியிட வைத்த பிறகு. எல்லையை மூடியதுமே கூலி ஏறியிருந்தால் அந்த ஐந்தாண்டுப் பட்டினிக்குத் தேவையே இருந்திருக்காது.

அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் அதே பாடத்தை மறுபடி படித்தது. ஆவணம் இல்லாதவர்களை வேலையிலிருந்து விரட்டும் சட்டத்தில் ஆளுநர் நேதன் டீல் 2011 மே மாதம் கையெழுத்திட்டார். வெங்காயமும் புளூபெரியும் அறுவடையாகும் நேரம். சட்டம் ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. பயம் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் அறுவடை செய்யும் குழுக்கள் ஜார்ஜியாவைத் தவிர்த்துவிட்டு வேறு மாநிலங்களுக்குப் போயின. பண்ணைகளில் பதினோராயிரம் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன என்று மாநில அரசின் சொந்தக் கணக்கெடுப்பே சொன்னது. அப்போது மாநிலத்தில் வேலையின்மை ஏறக்குறைய பத்து சதவீதம். நீதிமன்றக் கண்காணிப்பில் வெளியே இருக்கும் குற்றவாளிகளை வயலுக்கு அனுப்பலாம் என்று ஆளுநர் யோசனை சொன்னார். அப்படி வெள்ளரி பறிக்க வந்தவர்களில் பலர் முதல் நாளே போய்விட்டார்கள். அந்தப் பருவத்தில் ஏழு பயிர்களில் மட்டும் 14 கோடி டாலர் அளவுக்கு இழப்பு என்று ஜார்ஜியாப் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது.

இந்தச் செய்தியைக் காட்டி உள்ளூர்க்காரர்கள் சோம்பேறிகள் என்று எழுதியவர்கள் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கூடைக் கணக்கில் கூலி தரும் அறுவடை, கை பழகிய வேலை. பல பருவம் பறித்தவருக்குப் பிழைக்கும் அளவு கிடைக்கும், புதிதாக வருபவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆறு வாரத்தில் வேலை முடிந்து அடுத்த மாநிலத்துக்கு நகர வேண்டும். அட்லாண்டாவில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, வேலையிழந்து நிற்கும் கட்டடத் தொழிலாளி அந்த வேலைக்குப் போகாதது சோம்பலால் இல்லை, கணக்குத் தெரிந்ததால். அவர் இழந்த வேலை வேறு. சட்டம் காலியாக்கிய வேலை வேறு.

அலபாமா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஆளுநர் ராபர்ட் பென்ட்லி 2011 ஜூனில் கையெழுத்திட்ட சட்டம், அன்றைக்கு நாட்டிலேயே கடுமையானது என்று பெயர் வாங்கியது. பள்ளிகள் பிள்ளைகளின் குடியேற்ற நிலையை விசாரிக்க வேண்டும். ஆவணமில்லாதவரோடு அரசு எந்தப் பரிவர்த்தனையும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆவணம் காட்டாவிட்டால் குடிநீர் இணைப்பு கிடையாது என்று அறிவிப்பு ஒட்டும் அளவுக்கு அது போனது. நீதிமன்றம் பெரும்பகுதிச் சட்டத்தை அனுமதித்த சில நாட்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹிஸ்பானியக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. சாண்ட் மவுண்டன் பகுதித் தக்காளிகள் கொடியிலேயே அழுகின. அந்த ஏப்ரலில் சூறாவளி தரைமட்டமாக்கிய டஸ்கலூசாவில் வீடு கட்ட ஆளில்லை. மெர்சிடிஸ் தொழிற்சாலையைப் பார்க்க வந்த ஜெர்மானிய அதிகாரி ஒருவரிடம் உரிய அடையாள ஆவணம் இல்லை என்று போலீஸ் அவரைக் கைது செய்தது. அந்தத் தொழிற்சாலையைக் கொண்டுவரத்தான் அலபாமா கோடிக்கணக்கில் சலுகை கொடுத்திருந்தது.

சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் ஒரு புள்ளிவிவரத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆண்டு முடிவில் அலபாமாவில் வேலையின்மை குறைந்துவிட்டதாம். குறைந்தது உண்மைதான். அந்த மாதங்களில் அமெரிக்கா முழுவதுமே குறைந்துகொண்டிருந்தது. பெரும் பொருளாதாரச் சரிவிலிருந்து நாடு மீண்டுகொண்டிருந்த நேரம் அது. ஒரு மாநிலத்தின் மூன்று மாத எண்ணை எடுத்துக்கொண்டு சட்டத்தின் வெற்றி என்பது நேர்மையான வாதம் ஆகாது. இதேபோல் 2008-ல் ஆவணச் சோதனையைக் கட்டாயமாக்கிய அரிசோனாவை ஆய்வாளர்கள் பல ஆண்டு எண்களோடு அலசியிருக்கிறார்கள். ஆவணமற்றோர் பல்லாயிரம் பேர் வெளியேறினார்கள். எஞ்சியவர்கள் பதிவில்லாத சில்லறைத் தொழில்களுக்குத் தள்ளப்பட்டார்கள். அதிகம் படிக்காத உள்ளூர்த் தொழிலாளிகளுக்கு ஆதாயம் எதுவும் தெரியவில்லை. 2008 முதல் 2014 வரை நாடு முழுவதும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றிய கண்காணிப்புத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் அதைவிட மோசமான முடிவுக்கு வந்தார்கள். உள்ளூர்க்காரர்களின் வேலையும் அதனால் குறைந்திருந்தது. கூரை வேய ஆள் இல்லாத கட்டுமானத்தில் மேஸ்திரிக்கும் மின்பணியாளருக்கும் வேலை இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரத்தையும் பேசியாக வேண்டும். 1980-ல் சில மாதங்களுக்குள் 1,25,000 கியூபர்கள் படகுகளில் ஃபுளோரிடா வந்து சேர்ந்தார்கள். மயாமியின் தொழிலாளர் எண்ணிக்கை திடீரென ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடியது. உள்ளூர்க் கூலி விழவில்லை என்று டேவிட் கார்டு 1990-ல் காட்டினார். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரை மறுத்தவர் ஜார்ஜ் போர்ஹாஸ், தாமே கியூபாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் கூலி பத்து முதல் முப்பது சதவீதம் விழுந்திருக்கிறது என்றார். அவர் எடுத்துக்கொண்ட மாதிரி மிகச் சிறியது என்றும், கணக்கெடுப்பில் வருமானம் குறைந்த கறுப்பின ஆண்களின் பங்கு அதே ஆண்டுகளில் கூடியதே வீழ்ச்சியாகத் தெரிகிறது என்றும் மற்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சர்ச்சை முடியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-ல் அதுவரையான ஆய்வுகளை எடைபோட்டு, மொத்தக் கூலியில் நீண்டகாலப் பாதிப்பு மிகக் குறைவு, பாதிப்பு இருந்தால் முன்பே வந்து குடியேறியவர்களுக்கும் பள்ளி முடிக்காதவர்களுக்கும்தான் என்று சொன்னதை நான் ஏற்கிறேன். அந்தப் பாதிப்பு சின்னது என்பதால் ஒதுக்கிவிடக் கூடாது. படிப்பில்லாத ஏழைக்கு மணிக்கு அரை டாலர்கூடப் பெரிது. ஆனால் வந்ததால் கொஞ்சம் இறங்கியது என்று நிரூபித்தாலும், விரட்டினால் ஏறும் என்று நிரூபித்ததாகாது. விரட்டிப் பார்த்த இடங்களின் கணக்கைத்தான் மேலே கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கதையில் நம் சனங்கள் விரட்டப்பட்டவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். மலேசியாவில் 1968-ல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும். அந்த வேலைகள் குடிமக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். தலைமுறையாகத் தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டியவர்கள், குடியுரிமைக்கான நீல அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கத் தெரியாமலோ முடியாமலோ சிவப்பு அட்டையோடு நின்றுவிட்டவர்கள், ஒரே நாளில் அந்நியரானார்கள். ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

அவர்கள் விட்டுப்போன வேலை என்ன ஆயிற்று? குடிமகனின் கூலி ஏறியதா? எழுபதுகளிலேயே தோட்ட நிர்வாகங்கள் குத்தகைக்காரர்கள் வழியாக ஆள் எடுக்கத் தொடங்கின. இந்தோனேசியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1984-ல் அந்த வரவை முறைப்படுத்த இரு அரசுகளும் மேடானில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இன்று மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் உழைப்பவர்களில் பெரும்பான்மையினர் வெளிநாட்டவர்கள். ஓட்டுரிமைக்கும் சங்கத்துக்கும் அருகில் வந்திருந்த ஒரு கூட்டத்தை அனுப்பிவிட்டு, இரண்டும் எட்டாத இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நடுவில் நசுங்கியது அங்கேயே தங்கிவிட்ட தமிழ்த் தொழிலாளி, சட்டம் காக்கப் புறப்பட்ட அதே குடிமகன். கோவிட் காலத்தில் வெளியாட்களின் வரவு நின்றபோது செம்பனைக் குலைகள் பறிக்க ஆளின்றி அழுகின. தோட்டக் கூலி தட்டுப்பாட்டால் ஏறவில்லை. அதற்கு முன்பே, 2013-ல் நாடு தழுவிய குறைந்தபட்ச ஊதியம் முதன்முறையாக, தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என்று, அமலுக்கு வந்தபோதுதான் ஏறியது. அந்தச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளியையும் சேர்த்துக்கொண்டது. சேர்க்காமல் விட்டிருந்தால் முதலாளி மலிவானவரைத்தான் எடுத்திருப்பார்.

என் வாதத்தின் மையம் இதுதான். உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் கீழே இழுப்பது பக்கத்தில் நிற்பவரின் பிறந்த ஊர் அல்ல, அவருடைய பயம். பயந்தவர் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்வார், கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்க மாட்டார், கை வெட்டுப்பட்டாலும் புகார் கொடுக்க மாட்டார், சங்கத்தில் சேர மாட்டார். கடுமையான குடியேற்றச் சட்டம் அந்தப் பயத்தை வளர்க்கிறது. சங்கம் அமைக்க முயன்றதற்காகச் சட்டவிரோதமாக வேலைநீக்கப்பட்டாலும், ஆவணமில்லாத தொழிலாளிக்கு இழந்த சம்பளத்தைக் கேட்கும் உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்தது. சங்கத்தை உடைக்க விரும்பும் முதலாளி இனி யாரை வேலைக்கு எடுப்பார்? சட்டத்தை மீறினாலும் செலவில்லாத ஆளைத்தான். அவரோடு ஒரே வரிசையில் நின்று கோழி வெட்டும் உள்ளூர்த் தொழிலாளிக்கு அந்தத் தீர்ப்பு பாதகமில்லையா?

மிசிசிப்பியின் கோழி ஆலைகளில் 2019 ஆகஸ்டில் நடந்த குடியேற்றச் சோதனையில் ஒரே நாளில் 680 தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். சோதனைக்குள்ளான நிறுவனங்களில் ஒன்று, லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்களைத் துன்புறுத்தியதாகவும் பெண்களிடம் அத்துமீறியதாகவும் தொடரப்பட்ட வழக்கில், அதற்கு முந்தைய ஆண்டுதான் 37.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்திருந்தது. புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அந்த ஆகஸ்ட் நாளில் சுற்றியிருந்த அத்தனை ஆலைத் தொழிலாளர்களும் பார்த்தார்கள்.

ஜார்ஜியாவின் வெங்காய வயல்களும் காலியாகவே கிடக்கவில்லை. விவசாயப் பருவ விசா என்ற வேறொரு வாசல் திறந்தது. 2011-ல் நாடு முழுவதும் சுமார் 55,000 ஆக இருந்த அந்த விசாக்கள் 2023-ல் மூன்று லட்சத்தைத் தாண்டின. அந்த விசாவில் வருபவர் அழைத்த முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். சண்டை போட்டால் நாடு திரும்ப வேண்டியதுதான். தெற்கு ஜார்ஜியாவில் 2021-ல் இருபத்துநாலு பேர் மீது மத்திய அரசு தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையைப் படித்தால் பிரசேரோ காலம் முடியவே இல்லை என்று தோன்றும். அந்த விசாவில் வந்தவர்களை வெறுங்கையால் வெங்காயம் தோண்ட வைத்தார்கள், வாளிக்கு 20 சென்ட் கொடுத்தார்கள், துப்பாக்கி காட்டி மிரட்டினார்கள் என்கிறது அது.

வரிசையில் நின்று வந்தோம் என்று சொல்லும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடுமை ஒரு வாசலோடு நிற்பதில்லை. 2025 செப்டம்பரில் அதே ஜார்ஜியாவில், ஹூண்டாயும் எல்ஜியும் கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலையில் குடியேற்ற அதிகாரிகள் 475 பேரைப் பிடித்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் தென்கொரியப் பணியாளர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு ஆயிரக்கணக்கில் வேலை தரப்போகும் ஆலை மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அதே மாதம் புதிய எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. எச்1பி வரம்பு 2004-ல் இறுகியபோது பன்னாட்டு நிறுவனங்கள் என்ன செய்தன என்பதையும் ஆய்ந்திருக்கிறார்கள். கனடாவிலும் இந்தியாவிலும் சீனாவிலும் தங்கள் கிளைகளைப் பெருக்கின. தக்காளி வயலில் நடந்ததுதான் மென்பொருளிலும் நடந்தது. வேலை காத்திருக்கவில்லை.

உள்ளூர்த் தொழிலாளியின் கூலிக்காகத்தான் இத்தனையும் என்றால் அதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. இந்தச் சட்டங்களை இயற்றியவர்கள் கூலிக்காக வேறு என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். மத்தியக் குறைந்தபட்ச ஊதியம் 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர். ஜார்ஜியாவின் மாநிலச் சட்டத்தில் இருப்பது 5.15 டாலர். அலபாமாவில் குறைந்தபட்ச ஊதியத்துக்கு மாநிலச் சட்டமே கிடையாது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பர்மிங்காம் நகரம், தன் எல்லைக்குள் ஊதியத்தை 10.10 டாலராக உயர்த்தத் தீர்மானம் போட்டது. 2016 பிப்ரவரியில் மாநிலச் சட்டமன்றம் அவசர அவசரமாக ஒரு மசோதாவை நிறைவேற்றி, எந்த நகரமும் தானாகக் கூலியை உயர்த்தக் கூடாது என்று தடுத்தது. அதில் கையெழுத்திட்டவரும் ராபர்ட் பென்ட்லிதான். உள்ளூர்க்காரர்களின் வேலையைக் காக்கிறேன் என்று ஐந்தாண்டு முன் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே ஆளுநர். பர்மிங்காமில் பாத்திரம் கழுவும், தரை துடைக்கும், முதியோரைப் பராமரிக்கும் தொழிலாளிக்குச் சட்டம் உறுதி செய்யும் கூலி இன்றும் மணிக்கு 7.25 டாலர்தான்.